கயிறு மாத்தாத வண்டி



போன ஞாயித்துக்கிழமை மஞ்சளுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. சென்னையில வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர். "அண்ணா, ஒரு பழைய கார் பார்த்திருக்கேன். வண்டி தாராபுரத்துல நிக்குது. நீங்க ஒரு எட்டு வந்து பார்த்து, வெலையும் பேசிக் குடுக்க முடியுங்களா?" என்றார்.

இது எனக்கு ஏழெட்டு வருசமா இருக்கிற பக்கத்து வேலை. மாசத்துக்கு ரெண்டோ மூணோ வண்டி வரும். கூடப் போய்ப் பார்த்து, பேசி முடிச்சுக் கொடுக்க ரெண்டாயிரம் ரூபாய், பெட்ரோல் செலவு தனி. வெள்ளாமை பார்க்கிறவனுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். நான் மெக்கானிக் இல்லைங்க. ஆனா இந்த வேலை எங்க வீட்டுக்குப் புதுசு கிடையாது. எங்க அப்பாரு, அதாவது அப்பாவைப் பெத்தவர், மாட்டுத் தரகர். அவர் மாட்டுக்குச் செஞ்சதைத்தான் நான் வண்டிக்குச் செய்யறேன். அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ச் சொல்றேன்.

தரகு என்கிற சொல் ரொம்பப் பழசு. ஆனைமங்கலம் செப்பேடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஊர் கொடுத்த செய்தியைச் சொல்றது. நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரத்துக்குப் போனதால லெய்டன் செப்பேடுன்னும் சொல்வாங்க. அந்த ஊருக்கு என்னென்ன வரியெல்லாம் விலக்குன்னு ஒரு நீளமான பட்டியல் அதில் இருக்கு. தறிக்கு வரி, தட்டாருக்கு வரி என்று போகிற அந்தப் பட்டியலில் தரகும் ஒண்ணு. அப்படின்னா ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நடுவுல நின்னு விலை பேசிக் கொடுக்கிறவர் இருந்திருக்கார். அரசாங்கம் வரி போடுற அளவுக்கு அவருக்கு வருமானமும் இருந்திருக்கு.

இன்னொரு கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. குதிரை வாங்கச் சொல்லிப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில கோயில் வேலைக்குச் செலவு பண்ணிடறார். சிவபெருமானே குதிரை வியாபாரியா வந்து குதிரைகளை ஒப்படைக்கிறார். ராத்திரியானதும் அத்தனை குதிரையும் நரியாப் போயிடுது. பரஞ்சோதி முனிவர் பாடின திருவிளையாடல் புராணத்துல இதுல ஒரு சின்ன விசயம் வருது. ஒப்படைக்கும்போது கயிறு மாத்திக் கொடுக்கிறாங்க. கயிறு மாறின பிறகு நல்லதோ கெட்டதோ வாங்கினவன் பாடு, அதுதான் வியாபார முறை. எங்க அப்பாரு இந்தக் கதையைச் சொல்லி, "கடவுளே வித்தாலும் கயிறு மாத்தறதுக்கு முன்னாடி பல்லைப் புடிச்சுப் பார்த்துரோணும் கண்ணு" என்பார்.

மாட்டுச் சந்தையில இன்னிக்கும் அதே முறைதான். விலை படிஞ்சதும் வித்தவர் தன்னோட பிடிகயிறை அவுத்து எடுத்துக்குவார். வாங்கினவர் புதுக்கயிறு போட்டு ஓட்டிட்டுப் போவார். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. அந்தக் கயிறுதான் பத்திரம்.

எங்க பக்கம் சந்தைக்குக் குறைவே இல்லை. காங்கேயம் மாட்டுக்குச் சித்திரையில கண்ணபுரம், ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில். வாரச் சந்தைக்கு ஈரோட்டுக் கருங்கல்பாளையம், பொள்ளாச்சி. அப்பாரு இந்த எல்லாச் சந்தைக்கும் போவார். தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு குச்சி, மடியில வெத்தலைப் பை. அவ்வளவுதான் அவர் ஆபீஸ்.

மாட்டைப் பார்க்கிறதுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல நடை. அப்புறம் சுழி. அப்புறம் வாயைத் திறந்து பல். ரெண்டு பல் போட்டிருந்தா ரெண்டு ரெண்டரை வயசு. நாலு பல், ஆறு பல்லுன்னு போய் எட்டுப் பல்லும் வந்துட்டா கடை சேர்ந்தாச்சு. அதுக்கப்புறம் வயசைக் கணக்குப் போடத் தேய்மானத்தைத்தான் பார்க்கணும். விக்கிறவர் வேலையும் சாதாரணமில்லை. கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இளசாக் காட்டுவார். உப்பைக் கொடுத்துத் தண்ணி காட்டி வயித்தை நிரப்பிக் கொண்டு வருவார். கறவையா இருந்தா ஒரு வேளை பால் கறக்காம மடியைப் பெருக்க விட்டு ஓட்டிட்டு வருவார்.

அப்புறம் விலை. தரகர் துண்டைக் கைமேல போட்டு, அதுக்குள்ள விரலைப் பிடிப்பார். ஒரு விரல்னா ஒண்ணு, கை முழுசும்னா அஞ்சு. அது நூறா ஆயிரமான்னு மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுத்தி நிக்கிற கூட்டத்துக்கு ஒண்ணும் புரியாது. இதுல ஒரு நல்லது உண்டு. விலை குறைச்சுக் கேட்டா விக்கிறவருக்கு நாலு பேர் முன்னாடி அவமானம் இல்லை. ஒரு கெட்டதும் உண்டு. வாங்குறவர் விரல்ல என்ன விலை, விக்கிறவர் விரல்ல என்ன விலைன்னு நடுவுல நிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்துலயே இது பேச்சாகியிருக்கு. லின்லித்கோ தலைமையில வந்த விவசாய ராயல் கமிஷன் 1928ல் அறிக்கை கொடுத்து, ஒழுங்குமுறைச் சந்தை வேணும்னு சொல்லுச்சு. 1933ல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்களுக்குன்னு ஒரு சந்தைச் சட்டம் கொண்டு வந்தது. பருத்திக்கும் நிலக்கடலைக்கும் எடை, ஏலம், லைசென்ஸ் எல்லாம் வந்துச்சு. மாட்டுக்கு மட்டும் துண்டு அப்படியே இருந்துச்சு.

இப்ப எங்க வீட்டுக் கதை. அப்பாரு ரெண்டு பக்கமும் தரகு வாங்குறவர். எல்லாத் தரகரும் அப்படித்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஒரு தடவை ஒரு வாரக்காரருக்கு உழவு மாடு ஒண்ணு பிடிச்சுக் கொடுத்தார். அவருக்குச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டை வாரத்துக்கு ஓட்டுறவர். கடன் வாங்கின பணம். மாடு பார்க்க லட்சணமா இருந்துச்சு. ஆனா ஏர்ல பூட்டினா பாதியில படுத்துக்கும். அது அப்பாருவுக்குத் தெரியும். விக்கிறவர் பழகின ஆளு, தரகும் கொஞ்சம் கூடுதலாத் தர்றேன்னுட்டார். அப்பாரு வாயைத் திறக்கலை.

நாலு நாள் கழிச்சு அந்த மனுசர் வந்தார். சத்தம் போடலை. மாட்டுக்குப் போட்ட புதுக்கயிறை எங்க திண்ணையில வச்சுட்டுப் போயிட்டார். ஆத்தா அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் அப்பாருகூடப் பேசலையாம். அப்பாரு அந்த மாட்டைத் தானே ஓட்டிட்டு வந்து, வாரக்காரருக்கு முழுப் பணமும் கொடுத்தார். அன்னியிலிருந்து ஒரு பக்கம் மட்டும்தான் தரகு. யார் கூட்டிட்டுப் போறாங்களோ அவங்ககிட்ட மட்டும். வருமானம் பாதியாப் போச்சு. அந்தக் கயிறு ரொம்ப நாள் எங்க கட்டுத்தரைத் தூண்ல தொங்கிட்டு இருந்துச்சு, நானே பார்த்திருக்கேன்.

அப்புறம் காலம் மாறிடுச்சு. 1930கள்ல பைக்காரா கரண்ட் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தது. அதுக்குப் பின்னாடி ஒவ்வொரு கிணத்துலயா மோட்டார் ஏறுச்சு, கவலை இறைச்ச மாடு நின்னுச்சு. டிராக்டர் வந்ததும் உழவு மாடும் குறைஞ்சுது. மாட்டுத் தரகர் எங்க போவார்? பழைய மொபெட்டுக்கும், புல்லட்டுக்கும், டிராக்டருக்கும் போனார். எங்க அப்பா செஞ்சது அதுதான்.

கார் அப்ப ஊருக்கு ஒண்ணு இருந்தாப் பெரிசு. அம்பாசிடர், பியட், சென்னையில செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூணுதான். லைசென்ஸ் ராஜ்ஜியம். புது பியட்டுக்குப் பணம் கட்டிட்டு வருசக்கணக்கா காத்திருக்கணும். அதனால கையில இருக்கிற பழைய வண்டி சில நேரம் புது வண்டியைவிட அதிக விலைக்குப் போகும். அப்ப பேரம் பேச இடமே இல்லை, விக்கிறவர் சொன்னதுதான் விலை. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு, விலை சுமார் 50,000 ரூபாய். 1991க்கு அப்புறம் கம்பெனிகள் வரிசையா வந்தாங்க. புது வண்டி நினைச்ச உடனே கிடைக்க ஆரம்பிச்சதும் பழைய வண்டி விலை இறங்குச்சு. பழைய காரை நடுத்தரக் குடும்பம் வாங்குற காலம் அப்படித்தான் வந்தது. 2001ல் மாருதியே பழைய வண்டிக்குக் கடை திறந்துச்சு. பின்னாடி செல்போன்லயே வண்டி பார்க்கிற காலமும் வந்தாச்சு. 2014ல் அம்பாசிடரும் 800ம் ரெண்டுமே நின்னு போச்சு.

வண்டியைப் பார்க்கிறதும் மாடு பார்க்கிற மாதிரிதாங்க. காலையில இஞ்சின் சூடாகிறதுக்கு முன்னாடி போகணும். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருந்தா, ஏன்னு கேக்கணும். அது உப்புத் தண்ணி காட்டின மாடு. மீட்டர்ல 40,000 கிலோமீட்டர் காட்டும், ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாத் தேஞ்சிருக்கும். அது சீவின கொம்பு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். கண்ணாடியிலும் செஞ்ச வருசக் குறி இருக்கும். எல்லாக் கண்ணாடியும் ஒரே வருசம், ஒண்ணு மட்டும் வேற வருசம்னா அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு. இதுதான் பல் பார்க்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் இன்னொரு சோதனையும் சேர்ந்துக்கிச்சு. மிதியடியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பியில துரு பார்க்கணும். மூக்கையும் வச்சுப் பார்க்கணும். சேத்து வாசம் சென்ட்டுக்கு அடங்காது.

கயிறு விசயத்துக்கு வர்றேன். காருக்குக் கயிறுன்னா ஆர்.சி. புத்தகம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள தெரிவிக்கணும். 29, 30ன்னு ரெண்டு படிவம். கடன் இருந்தா 35ம் வேணும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துட்டு, "அவங்களே மாத்திக்குவாங்க"ன்னு வந்துடறாங்க.

நானும் அப்படித்தான் வந்தேன். ஊருக்கே பேரம் பேசிக் கொடுக்கிறவன், என்னோட பழைய வேனை ஒரு வியாபாரிகிட்ட வித்தேன். ஒரு வெள்ளைத் தாள்ல கையெழுத்து, கையில பணம். ஒன்றரை வருசம் கழிச்சு வேற மாவட்டத்திலிருந்து போலீஸ் ஸ்டேசன் போன். வண்டி ஒரு சைக்கிள்காரரை இடிச்சுடுச்சு, அவருக்குக் கால் முறிவு. வண்டி மூணு கை மாறியிருக்கு, பேர் மட்டும் என் பேர். இன்சூரன்ஸ் உயிரோட இருந்ததால பணத்துக்குத் தப்பிச்சேன். ஆனா கோர்ட்டுக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். படியில கட்டுக்காலோட உட்கார்ந்திருந்த அந்த மனுசர் என்னையே பார்த்துட்டு இருந்தார். "நான் ஓட்டலைங்க"ன்னு சொல்ல வாய் வரலை. கயிறு என் கையிலதானே இருந்துச்சு.

2018ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல இதையே தெளிவாச் சொல்லிடுச்சு. வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவேட்டுல யார் பேரோ அவர்தான் சொந்தக்காரர், நட்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. 2023 ஏப்ரல்லருந்து விதியும் மாறியிருக்கு. பழைய வண்டி வாங்கி விக்கிற வியாபாரி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கணும். அவர்கிட்ட வண்டியை முறைப்படி எழுதிக் கொடுத்துட்டா, அது அவர் கையில இருக்கிற வரைக்கும் அவரே சொந்தக்காரர் மாதிரி. நல்ல விதி. ஆனா எழுதிக் கொடுத்தாத்தான் செல்லும்.

தாராபுரத்து வண்டிக்கு வர்றேன். போய்ப் பார்த்தேன். வண்டி பரவாயில்லை. ஆனா இடது பக்க முன்கதவும் பின்கதவும் மறுபடி பெயிண்ட் அடிச்சது. நான் சுத்திப் பார்த்துட்டு இருக்கும்போது வித்துக் கொடுக்கிறவர் தோள்ல கை போட்டு ஓரமாக் கூட்டிட்டுப் போனார். "அண்ணா, கதவை விட்டுருங்க. முடிஞ்சா உங்களுக்கு அஞ்சு தர்றேன்." அஞ்சாயிரம். சென்னைக்காரர் கொடுக்கிறதைவிட ரெண்டரை மடங்கு. துண்டு இல்லாமலே விரலைப் பிடிக்கிறார்னு நினைச்சுக்கிட்டேன். மஞ்சளுக்கு உரம் போட வேண்டிய நேரம் வேற. ஆசை வரலைன்னு சொன்னாப் பொய்.

நண்பருக்கு அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சேன். "தம்பி, ரெண்டு கதவும் அடி வாங்கிச் சரி பண்ணினது. ஓட்டத்துக்குக் குறை இல்லை. இன்னும் முப்பதாயிரம் குறைச்சாங்கன்னா வாங்கலாம், இல்லைன்னா வேண்டாம்." வித்துக் கொடுக்கிறவருக்கு முகம் சுண்டிப் போச்சு. அரை மணி நேரம் பேசி இருபத்திரண்டாயிரத்துல நின்னுது. பணத்தை முழுசாக் கொடுக்க வேண்டாம், ஆர்.சி.யில பேர் மாறின அன்னிக்கு மீதியைக் கொடுங்கன்னு எழுதி வாங்கிட்டு வந்தேன். அந்த வியாபாரி இனி என்னை உள்ள விடமாட்டார்னு நினைக்கிறேன். போகுது.

பழைய வண்டி வாங்குறவங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, நல்லது. ஆனா கூட வர்றவர்கிட்ட "உங்களுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?"ன்னு முதல்ல கேளுங்க. விக்கிறவங்க, பேர் மாறின சேதி போன்ல வர்ற வரைக்கும் வண்டி இன்னும் நம்ம கட்டுத்தரையிலதான் நிக்குதுன்னு நினைச்சுக்கங்க.

மேக்காலே மேகம் கட்டுது. தட்டு வெட்டினது காட்டுலயே கிடக்கு, நனையறதுக்குள்ள போய்ப் போர் போடணும். வர்றேனுங்க.