அரசமரம் கேட்ட இரண்டு பேச்சுகள்

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழின் முதல் சிறுகதையா என்ற பஞ்சாயத்து இன்னும் முடிந்தபாடில்லை. பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’ 1910-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் போகிறவர்கள் உண்டு. அந்த வரிசைச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. என் வழக்கு, எனக்கு இலக்கிய வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியரோடு.

அவர் வாசிப்பு இது: தாகூர் 1884-இல் எழுதிய ‘காட்டேர் கதா’வில் கங்கைப் படித்துறை கதை சொல்கிறது. ஐயர் படித்துறையைப் பெயர்த்துவிட்டு மரத்தை நட்டார். இரண்டிலும் ஓர் இளம்பெண்ணின் வாழ்வு தண்ணீரில் முடிகிறது; இரண்டிலும் ஒரு துறவி உண்டு. ஆகவே தழுவல், தழுவலில் சோகமும் இரவல்தான். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஒற்றுமைகளை நான் மறுக்கவில்லை. சோகம் இரவல் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தாகூரின் கதையில் துறவியைப் பார்த்த ஊர்ப்பெண்கள், இவர் கதாநாயகி குசுமின் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கணவர் மாதிரி இருக்கிறாரே என்று சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகம் கடைசிவரை தீர்வதில்லை. படித்துறைக்கும் அது தெரியாது, நமக்கும் தெரியாது. குசுமோடு சேர்ந்து நாமும் மங்கலில் நிற்கிறோம்.

அரசமரத்தின் நிலை நேர் எதிர். ஐயரின் கதாநாயகி ருக்மிணியின் தகப்பனார் காமேசுவரையர் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் சொத்தை இழக்கிறார். 1906 அக்டோபரில் சென்னையில் உண்மையாகவே முறிந்து, எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய கம்பெனி அது. கை வறண்ட சம்பந்தியை உதறிவிட்டு மாமனார் வீட்டார் மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். கணவன் நாகராஜன் மரத்தடியில் நண்பன் சீனிவாசனிடம் தன் திட்டத்தைச் சொல்கிறான்: சம்மதிப்பதுபோல் நடித்துக் கடைசி நேரத்தில் மறுத்துவிடுவது. அப்புறம் அதே மரத்தடியில் ருக்மிணி வந்து அவனிடம் மன்றாடுகிறாள். ஆறுதல் சொல்கிறான், திட்டத்தை மட்டும் சொல்வதில்லை.

இரண்டு பேச்சையும் கேட்டது மரம் ஒன்றுதான். அதற்கு வாய் கிடையாது. மரத்தின் காதால் கேட்டுவிட்ட நமக்கும் இங்கே வாய் இல்லை. அவளிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல யாராவது இருந்தால் போதும். அந்தத் தவிப்பு ‘காட்டேர் கதா’வில் இல்லவே இல்லை. அங்கே இருப்பது இரக்கம். ஐயர் உண்டாக்கியது, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன் ஒருத்தியைக் கொன்றுவிட முடியும் என்று உடனிருந்து பார்க்கும் அனுபவம். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிவது கூத்துக்குப் பழைய சங்கதிதான். ஆனால் கூத்தில் ஊரே கூடியிருக்கும், கட்டியங்காரன் குறுக்கே வந்து சிரிக்க வைப்பான். பத்திரிகையைத் தனியாக விரித்து வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆசுவாசம் கிடையாது. கதைகளில் ரசமும் பாவமும் இருக்கவேண்டும் என்று ஐயரே இக்கதை சேர்ந்த தொகுப்பின் முகவுரையில் சொன்னதை வெறும் அலங்காரப் பேச்சாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பேராசிரியர் பேசாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. 1915-இல் விவேகபோதினி இதழில் இந்தக் கதை ஐயர் பெயரில் வரவில்லை. அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வந்தது. புதுச்சேரியில் போலீஸ் கண் படாத நாளே இல்லாமல் இருந்தவர் பெயரை மறைத்தது இயல்பு என்று இதைத் தள்ளிவிடலாம். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. மறைக்கத்தான் வேண்டுமென்றால் எத்தனையோ புனைபெயர்கள் கிடைத்திருக்கும். அரசமரம் பேசுவது திண்ணைப் பாட்டியின் பேச்சுத்தமிழ். ருக்மிணியைத் தன் மடியில் வளர்ந்தவள் போலக் கொஞ்சுகிறது. கதை முடிவில், விளையாட்டுக்குக்கூடப் பெண் மனதை நோகடிக்காதீர்கள் என்கிறது. ஐயர் பெயரில் படிக்கும்போது அந்த இடம் கொஞ்சம் உபதேசமாக இடறுகிறது. ஒரு பெண் கையெழுத்தின் கீழ் படித்துப் பாருங்கள்: ஆதங்கமாகிவிடுகிறது. மரத்தின் குரலுக்குப் பொருந்தவே அந்தப் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது என் துணிபு. கடிதச் சான்று எதுவும் என் கையில் இல்லை. கதை எழுதியதில் அந்த அம்மாளுக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்கில்லை.

‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுப்பு 1917-இல் வந்தபோது கதை ஐயருடையதாகிவிட்டது. நம் இலக்கிய வரலாறுகள் பலவும் இதழிலிருந்து ஆண்டை எடுத்துக்கொள்கின்றன, நூலிலிருந்து ஆசிரியரை எடுத்துக்கொள்கின்றன. 1915 என்று போடுகிறவர்கள் அந்த ஆண்டு வாசகர் கண்ட பெயரையும் பக்கத்தில் போடட்டும்.