கணவாயின் இருபுறமும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது காற்றின் வேகத்தை உணர்வார்களேயன்றி, ஓர் எல்லையைத் தாண்டுகிறோம் என்று எண்ணமாட்டார்கள். ஆனால் 1956 நவம்பர் முதல் நாள்வரை அது எல்லையாகவே இருந்தது. மேற்கே திருவிதாங்கூர், கிழக்கே சென்னை. மொழி ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் இருபுறமும் உண்டு. ஆயினும் அம்மையும் காலராவும் வந்தபோது இருபுறத்து மக்களும் ஒரே ஆட்சியின் கையில் இருக்கவில்லை.

அந்த நவம்பர் முதல் நாளில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில், அதுவரை சென்னை மாநிலத்தின் பகுதியாயிருந்த மலபார் கேரளத்துடன் இணைந்தது. ஆட்சி மாறினால் மக்களின் உடல்நலம் என்னவாகும் என்பதை அறிய விரும்புவோர்க்கு, வரலாறு தானாகவே நடத்திக் காட்டிய ஒப்பாய்வு இது.

திருவிதாங்கூர் செல்வம் கொழித்த நாடன்று. எனினும் 1813ஆம் ஆண்டை ஒட்டி, ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியிலேயே அங்கு அம்மைப்பால் குத்தும் பணி தொடங்கிற்று. மக்களின் அச்சம் தீர அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர் என்பர். 1879இல் அரசு ஊழியர்க்கும் மாணவர்க்கும் சிறைக் கைதிகட்கும் அம்மை குத்துதல் கட்டாயமாயிற்று. இதனை மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று நம்மவர் சிலர் அஞ்சி ஒதுங்கினர். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்தெழுதியவர் பாரசீக மருத்துவர் அர்-ராஸீ என்பதையும், ஜென்னருக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இஸ்தான்புல் நகரத்தார் அம்மைச் சீழைக் கீறி ஏற்றிக் காப்புத் தேடும் வழக்கத்தைக் கண்டுதான் ஆங்கிலத் தூதரின் மனைவி அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தால், அந்த அச்சம் ஓரளவு தணிந்திருக்கும்.

அரசின் கை எட்டாத இடத்தில் பிறர் கை எட்டிற்று. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி, சாதி பாராமல் நோயாளிகளை ஏற்றது. தெருவில் நடப்பதற்கே உரிமை மறுக்கப்பட்ட மக்கள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தனர் என்றால் அது சிறிய செய்தியா? 1860களில் டாக்டர் லோவ் உள்ளூர் இளைஞர்க்கே மருத்துவம் கற்பித்தார். அவர்கள் கிளை மருத்துவமனைகளுக்குச் சென்றனர். எவரெஸ்டு சிகரம் ஏறப் புறப்பட்ட 1922ஆம் ஆண்டுக் குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைக் கண்டு, பின்னர் அங்கேயே பல்லாண்டு பணியாற்றினார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனையும் இவ்வரிசையில் வந்ததே.

மருத்துவமனை நோயைத் தீர்க்கும். வராமல் தடுப்பது வேறு வேலை. 1928இல் திருவிதாங்கூர் அரசு அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியை நாடிற்று. டாக்டர் ஜேக்காக்ஸ் வந்து ஆராய்ந்தபோது, மக்களிற் பெரும்பாலோர் குடலில் கொக்கிப்புழு இருந்தது தெரிந்தது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவனின் தோலைத் துளைத்துப் புகும் இப்புழு, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சி அவனைச் சோகையில் தள்ளும். சோம்பேறி என்று ஏசப்பட்ட கூலியாள் உண்மையில் நோயாளி! மருந்தோடு கழிப்பறையும், வீடுவீடாகச் சென்று சொல்லும் ஊழியரும் தேவை என்பது அன்றே புரிந்துகொள்ளப்பட்டது. 1817ஆம் ஆண்டின் அரச ஆணை கல்விச் செலவை அரசின் கடமையாக்கியிருந்ததால், சொன்னதைப் படித்தறியக்கூடிய தாய்மாரும் காலப்போக்கில் பெருகினர். குமரி மாவட்டத்தின் நலத்திற்கு முதற்காரணம் இந்தப் படித்த தாயே என்பது என் துணிபு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. குமரியில் 91க்கும் மேல்.

அப்படியானால் 1956இல் நாம் இழந்தோமா? இல்லை. சென்னையும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அத்துறைக்கு முன்னோடியானது. சுகாதாரத்திற்கெனத் தனித்துறையும் தனி அலுவலரும் கொண்ட மாநிலம் இது. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிற்று. கேரளமே 2007இல் அதைப் பின்பற்றித் தனக்கொரு கழகம் அமைத்தது. காசநோய் மருத்துவமனை இருந்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது.

மாநிலங்களை வரிசைப்படுத்தும் நிதி ஆயோக் பட்டியல்களைப் பார்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. 2018இல் வெளிவந்ததில் தமிழ்நாடு மூன்றாமிடம், 2019இல் ஒன்பதாமிடம், 2021இல் இரண்டாமிடம். மருத்துவமனைகள் மூன்றாண்டில் இப்படி விழுந்து எழுவதில்லை. அளவுகோலும் ஏடுகளில் பதியும் முறையும்தான் ஆடுகின்றன. குழந்தை இறப்புக் கணக்கு இதனினும் நம்பத்தக்கது. 2020இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43.

ஆயினும் சராசரி என்னும் போர்வைக்குள் எத்தனையோ மறைந்துகிடக்கும். 1956க்குப் பின் கேரள அரசு மலபாரில் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் திறந்தது. இறப்பு விகிதத்தில் திருவிதாங்கூருக்கும் மலபாருக்கும் இருந்த இடைவெளி சில பத்தாண்டுகளில் பெரிதும் சுருங்கிற்று. இருந்தும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் நோய் தலைதூக்கிப் பிள்ளைகளைப் பலிகொண்டது. தடுப்பூசி அங்கே கிடைக்காததன்று. இலவசமாக, நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. பெற்றோர் சிலர் வதந்தியை நம்பிப் போடாது விட்டனர். மறு ஆண்டு தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம்கள் நடந்தபோது, அதே வகை வதந்திகள் கைப்பேசிகளில் இங்கும் சுற்றி வந்தன.