ஒரே ஓடையின் நீர்: முந்த முனைவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாறு

ஒரு சமுதாயம் எதனை இகழ்ந்தது, பின்னர் எதனைப் புகழத் தொடங்கியது என்பதற்கு அதன் சொற்களே நம்பத்தக்க சான்றாகும். உயர்வுக்குத் துடிப்போரையும் பிறரை முந்த முனைவோரையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இவ்வகையில் ஆராயத்தக்கன. அவற்றுள் பழையனவற்றின் வேர்ப்பொருளை நோக்கின், மனிதர் பிறரோடு கூடியிருந்த காட்சிகளே அவற்றில் தென்படுகின்றன.

வாக்குக் கேட்டுச் சுற்றியோர்

‘ஆம்பிஷன்’ என்னும் சொல்லின் மூலம், ‘சுற்றி வருதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். உரோமாபுரியில் பதவி நாடியவர் வெண்மையூட்டிய மேலாடை அணிந்து, மக்களிடம் வாக்குக் கேட்டுச் சுற்றினர். அவ்வெள்ளாடையே ‘கேண்டிடேட்’ என்னும் சொல்லுக்கும் மூலம். சுற்றி வருதல் கையூட்டாகத் திரிந்தபோது, அதே வேரினின்று அக்குற்றத்திற்கும் பெயர் அமைந்தது. கி.மு. 63இல் ஆட்சித்தலைவராயிருந்த சிசரோ, அக்குற்றத்திற்குப் பத்தாண்டு நாடுகடத்தலை விதிக்கும் சட்டம் இயற்றினார்.

இப்பழியோடுதான் அச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் புரூட்டஸ் கொலைக்குக் காட்டும் காரணம் இவ்வொரு சொல்லே. பிரான்சிஸ் பேக்கன் 1612இல் வெளியிட்ட கட்டுரையில் இக்குணத்தைப் பித்தத்திற்கு ஒப்பிட்டார். வழி திறந்திருப்பின் ஊக்கமளிக்கும், அடைபட்டால் நஞ்சாகும் என்பது அவர் கருத்து. 1667இல் வெளிவந்த மில்டனின் காவியத்தில் சாத்தானை வீழ்த்தியதும் இதுவே. பிறப்பு வகுத்த படிநிலைகளை வாணிகமும் தொழில் வளர்ச்சியும் தளர்த்திய பின்னரே, பழிச்சொல் படிப்படியாகப் பாராட்டுச் சொல்லாயிற்று.

ஓடையைப் பகிர்ந்தோர்

‘ரைவல்’ என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையுடையது. இலத்தீனில் ‘ரிவுஸ்’ என்பது ஓடை. ஒரே ஓடையின் நீரைப் பயன்கொள்ளும் அண்டை நிலத்தாரே முதலில் இப்பெயர் பெற்றனர். நீர் பங்கிடுமிடத்துப் பிணக்கும் தோன்றுமாதலின், கூட்டாளியின் பெயர் பகைவனுக்கு உரியதாயிற்று. ஒரே பெண்ணை விரும்பும் இருவரையும் இலத்தீன் நாடகங்கள் இச்சொல்லால் சுட்டின.

எனினும் பழம்பொருள் உடனே மறைந்துவிடவில்லை. ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதற்காட்சியில் இரவுக்காவலன், தன்னோடு காவல் புரியும் தோழரை இச்சொல்லாலேயே குறிக்கின்றான். 1603ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில் ‘பார்ட்னர்’ என்னும் சொல் நிற்பது, பொருளை ஐயமற உறுதிப்படுத்துகின்றது. ‘காம்பெட்டிட்டர்’ என்பதும் ‘உடன் நாடுபவர்’ என்னும் வேர்ப்பொருளுடையதே. மாண்ட ஆன்டனியை எண்ணி வருந்தும் ஆக்டேவியஸ், ஆட்சித்துணைவன் என்னும் கருத்தில் அதனை ஆள்கின்றான்.

தமிழர்க்கு இம்மாற்றம் விளங்காப் புதிர் ஆகாது. பங்குடையவன் பங்காளி; உரிமைச் சொத்தில் பங்குள்ளவன் தாயாதி. ஆயினும் ‘பங்காளிப் பகை’, ‘தாயாதிக் காய்ச்சல்’ என்னும் வழக்குகள் நம்மிடையே உள்ளன. பகிர்வதற்கு ஒன்றுமில்லாதவரிடையே இக்காய்ச்சல் எழுவதில்லை.

புலவர் காய்ச்சல்

1592இல், மறைந்த ராபர்ட் கிரீனின் பெயரால் வெளிவந்த சிறுநூல், ஷேக்ஸ்பியரை ‘அப்ஸ்டார்ட்’ என இகழ்ந்தது. திடீரென உயர்ந்தவன் என்பது பொருள். பல்கலைக்கழகம் பயின்றோர் நடுவே, நடிகர் ஒருவர் எழுத வந்ததே அவ்விகழ்ச்சிக்குக் காரணம். அந்த ஷேக்ஸ்பியரும் இக்காய்ச்சலுக்கு விலக்கானவர் அல்லர் போலும்! 1609இல் அச்சேறிய அவருடைய பதினான்கடிப் பாக்களுள் 78 முதல் 86 வரையுள்ளவை, வேறொரு கவிஞன் பெறும் ஆதரவு கண்டு புழுங்கும் உள்ளத்தைக் காட்டுகின்றன.

இப்புழுக்கத்தின் இரு முகங்களைத் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் பிரித்துரைத்தார். பிறன் வெற்றி கண்டு வருந்தி, தன் திறனை வளர்த்து அவனை எட்ட முயல்வது ‘எமுலேஷன்’. அவனைத் தடுத்து வீழ்த்த முயல்வது பொறாமை. வருத்தம் ஒன்றே, அது செல்லும் வழிகளே இரண்டு.

முதல் வழிக்குச் சான்று பென் ஜான்சன். அவருடைய நாடகத்தில் 1598இல் ஷேக்ஸ்பியர் நடித்தார். ஒரே மேடை, ஒரே அவையோர், ஒரே புகழ். ஷேக்ஸ்பியரின் குறைகளைச் சுட்டவும் ஜான்சன் தயங்கியதில்லை. ஆயினும் 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பு வெளிவந்தபோது, அதன் முகப்பில் மறைந்தவருக்குப் பெரும்புகழ் சூட்டிய பாடல் அவருடையது.

ஓடை மறைந்த சொற்கள்

இருபதாம் நூற்றாண்டு வேறுவகைச் சொற்களைத் தந்தது. நினைத்ததை முடித்தே தீரும் விற்பனையாளனைப் பாராட்டிய ‘கோ-கெட்டர்’ என்பது, 1921இல் பீட்டர் கைன் எழுதிய கதையின் தலைப்பாயிற்று. ஓயாப் போட்டியும் அவசரமும் உடையோரை 1959இல் இரு அமெரிக்க இதயநோய் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுக்கு ‘டைப் ஏ’ என்னும் பெயர் நிலைத்தது. 1971இல் வேய்ன் ஓட்ஸ் தம் நூலால் ‘ஒர்க்கஹாலிக்’ என்னும் சொல்லைப் பரப்பினார். குடிக்கு அடிமையானவனின் பெயரை ஒட்டி வேலைக்கு அடிமையானவனுக்கு அமைந்த பெயர் அது. இச்சொற்களில் தனிமனிதன் ஒருவனே நிற்கின்றான். அண்டை நிலத்தானும் இல்லை, ஓடையும் இல்லை. ஹாப்ஸ் போற்றிய ‘எமுலேஷன்’ என்பதோ பொதுவழக்கில் அருகி, ஒரு கணினி மற்றொன்றைப்போல் இயங்குவதைக் குறிக்கும் கலைச்சொல்லாக எஞ்சியது.

கவிஞர் கூடும் அவைகளில் முந்தும் வேட்கை இல்லாதிருத்தல் அரிது, இல்லாதிருத்தல் நன்றுமன்று. மொழி என்னும் ஓடை அனைவர்க்கும் பொது. அதில் நீர் முகப்போர் ஒருவர்க்கொருவர் காவல்தோழரா, காய்ச்சல் கொண்ட தாயாதிகளா என்பதை முடிவு செய்வது அவரவர் உள்ளமே. இரு பொருளும் அந்த ஒரு பழஞ்சொல்லில் உறைகின்றன.