நான்ஸ்டிக் பூச்சின் கதை: அட்டைப்பெட்டி சொல்வதும் சொல்லாததும்

பண்டிகைக் கால எக்ஸ்சேஞ்ச் சலுகை தொடங்கியதும் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். பழைய நான்ஸ்டிக் தவாவைப் போட்டுவிட்டுச் செராமிக் வாங்கலாமா, 'பிஎஃப்ஓஏ ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் போதுமா, கிரானைட் கோட்டிங் எப்படி? பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். ஒருவர் புற்றுநோய் என்பார், இன்னொருவர் பாட்டி காலத்து இரும்புக் கல்லே போதும் என்பார். அதற்குள் சலுகை முடிந்துவிடும்.

அந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு சொல்லும் எப்போதோ, எங்கோ எழுந்த ஒரு புகாருக்குக் கொடுத்த பதில். எந்தப் புகார் என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டீப்வாட்டர் என்ற ஊரில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலாளர் குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக டெட்ராஃப்ளுரோஎத்திலீன் வாயுவைச் சிறு சிலிண்டர்களில் அடைத்து வைத்திருந்தார். அன்று காலை ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டுப் பார்த்தால் எடை குறையவே இல்லை. காலி சிலிண்டர் என்று ஓரமாக வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிளங்கெட்டும் அவருடைய உதவியாளர் ஜாக் ரெபோக்கும் அதை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள். வாயு மூலக்கூறுகள் தாமாகவே நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்தன. அமிலம் அதை அசைக்கவில்லை, எதுவும் அதில் ஒட்டவில்லை. பாலிடெட்ராஃப்ளுரோஎத்திலீன், சுருக்கமாக பிடிஎஃப்இ. 1945இல் அது 'டெஃப்லான்' என்ற வணிகப் பெயரைப் பெற்றது.

முதலில் அது போனது அடுப்படிக்கு அல்ல, அணுகுண்டுத் திட்டத்துக்கு. யுரேனியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட யுரேனியம் ஹெக்சாஃப்ளுரைடு கண்டதையெல்லாம் அரித்துவிடும். அதற்குத் தாக்குப்பிடிக்கும் வால்வு அடைப்புகளுக்கு இந்தத் தூள் தேவைப்பட்டது.

எதிலும் ஒட்டாத ஒன்றைப் பாத்திரத்தில் எப்படி ஒட்டவைப்பது? இதற்கு வழி கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார். அலுமினியத்தை அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, பிடிஎஃப்இயை அதில் பூசிச் சுட்டெடுத்தால் அது அந்தக் குழிகளைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தம் தூண்டில் சாமான்களுக்குத்தான் இதைச் செய்து பார்த்தார். என் வாணலியில் பூசித் தரக்கூடாதா என்று கேட்டவர் அவருடைய மனைவி கொலெட். அது 1954. இரண்டு ஆண்டுகளில் டெஃபால் நிறுவனம் பிறந்தது. டெஃப்லானில் பாதி, அலுமினியத்தில் பாதி சேர்ந்த பெயர். 1960 டிசம்பரில் நியூயார்க்கின் மேசீஸ் கடையில் 6.94 டாலர் விலையில் இந்த வாணலிகள் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் 1968இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய நிர்லேப் நிறுவனம் இந்தத் துறையின் முன்னோடி. எதுவும் பற்றாதது என்று பொருள்படும் வடமொழிச் சொல் அது. இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு எந்த நிறுவனத்துக்கும் வாய்த்ததாகத் தோன்றவில்லை.

முதல் புகார் சூடு பற்றியது. பிடிஎஃப்இ சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்கும். அதற்குமேல் மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் அதிலிருந்து எழும் புகை மனிதருக்கே காய்ச்சல், நடுக்கம், இருமலை உண்டாக்கும். கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். அவற்றின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது. நம் வளாகத்தில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். கூண்டைச் சமையலறையை ஒட்டி வைக்க வேண்டாம். எண்ணெய் இருக்கும் வாணலி 260ஐ எட்டுமுன்பே பெரும்பாலும் எண்ணெய் புகைந்து நம்மை எச்சரித்துவிடும். ஆபத்து காலித் தவாவில்தான். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனால் சில நிமிடங்களிலேயே அது அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். சுரண்டிய பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். பிடிஎஃப்இ உடலில் எதனோடும் வினைபுரியாது, அப்படியே வெளியேறிவிடும். ஆகவே என் கணக்கில் கீறல் இரண்டாம்பட்சம், காலிச் சூடுதான் முதல் கவலை.

ஆனால் 'பிஎஃப்ஓஏ ஃப்ரீ' என்ற எழுத்து இந்தப் புகாருக்குப் பதில் அல்ல. அது ஒரு ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்தது.

பிடிஎஃப்இயைத் தயாரிக்கும்போது கட்டி கட்டாமல் இருக்க ஒரு துணைப்பொருள் சேர்ப்பார்கள். அதுதான் பிஎஃப்ஓஏ. தொழிற்சாலையில் அதற்கு 'சி8' என்று பெயர். 1951 முதல் த்ரீ எம் நிறுவனத்திடம் வாங்கி, மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒஹாயோ ஆற்றின் கரையில் இருந்த தன் ஆலையில் டூபான்ட் பயன்படுத்தி வந்தது. முடிந்த வாணலியில் இதன் எச்சம் மிகமிகக் குறைவு. பூச்சைச் சுட்டெடுக்கும் சூட்டில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். போய்விடும் என்றால் எங்கே? ஆலையின் புகைபோக்கி, கழிவுநீர், குப்பைக் கிடங்கு.

விலங்குகளின் கல்லீரலை இது வீங்கவைக்கிறது என்பது 1961லேயே டூபான்ட் ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1981இல் த்ரீ எம் நடத்திய எலி ஆய்வில் பிறவிக் குறைகள் தெரிந்தன. உடனே டூபான்ட் தன் ஆலையில் வேலை செய்த கருவுற்ற பெண்களின் குழந்தைகளைப் பரிசோதித்தது. ஏழு குழந்தைகளில் இரண்டுக்குக் கண் பகுதியில் குறை. இதை வெளியே சொல்லவில்லை. 1984இல் சுற்றுவட்டாரக் குழாய்த் தண்ணீரைச் சத்தமில்லாமல் எடுத்துப் பார்த்தது. அதில் சி8 இருந்தது. அதையும் சொல்லவில்லை.

வெளியே கொண்டுவந்தவர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். வில்பர் டெனன்ட் குடும்பம் தன் நிலத்தில் 66 ஏக்கரை டூபான்டுக்கு விற்றிருந்தது. அங்கே நிறுவனம் கழிவுக் கிடங்கு அமைத்தது. கிடங்கிலிருந்து வந்த ஓடைத் தண்ணீரைக் குடித்த மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. டெனன்ட் கணக்கு வைத்திருந்தார்: 153. உள்ளூரில் வக்கீல், கால்நடை மருத்துவர், பத்திரிகைக்காரர் யாரும் டூபான்டைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்த ஆலை. 1998இல் டெனன்ட் சின்சினாட்டியில் ராப் பிலாட் என்ற வழக்கறிஞருக்கு போன் செய்தார். பிலாட் வேலை பார்த்த சட்ட நிறுவனம் வழக்கமாக ரசாயனக் கம்பெனிகளுக்காக வாதாடுவது. ஆனால் அவருடைய பாட்டி அந்தப் பகுதிக்காரர். அந்தப் பழக்கத்துக்காகக் கேட்டார். டெனன்ட் கொண்டுவந்த வீடியோ டேப்பைப் பார்த்த பிறகு விடவில்லை. நீதிமன்ற உத்தரவின்பேரில் டூபான்ட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பியது. பிலாட் தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தார். மேலே நான் சொன்ன ஆண்டுகளெல்லாம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு இதில் மிகவும் தொடர்புடைய பகுதி இனிமேல்தான். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் லூபெக் என்ற பகுதியின் வீடுகளுக்குத் தண்ணீர் வாரியத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குடிநீரில் சி8 என்ற பொருள் குறைந்த அளவில் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் எழுதியிருந்தது. பலரும் ஓரமாகப் போட்டிருப்பார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கவலை இல்லையென்றால் ஏன் கடிதம் என்று ஒவ்வோர் அலுவலகமாகக் கேட்கப் போனார். கடைசியில் பிலாட்டிடம் வந்து சேர்ந்தார். 2001இல் ஆறு குடிநீர் வட்டாரங்களின் மக்கள் சேர்ந்து கூட்டு வழக்குப் போட்டார்கள்.

சமரசத்தில் 7 கோடி டாலர் ரொக்கம் கிடைத்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். அதை ஓர் ஆய்வுக்குச் செலவிட்டார்கள். ரத்தம் கொடுத்து மருத்துவ விவரம் நிரப்புபவர்களுக்கு 400 டாலர் என்று அறிவித்ததும் சுமார் 69,000 பேர் வரிசையில் வந்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்று நோய்ப்பரவியல் நிபுணர்கள் ஏழு ஆண்டு உழைத்தார்கள். 2012இல் முடிவு வந்தது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகிய ஆறுக்கும் சி8க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னார்கள். 2017இல் சுமார் 3,550 வழக்குகளை முடிக்க டூபான்டும் அதிலிருந்து பிரிந்த கெமோர்ஸும் 67 கோடி டாலர் கொடுத்தன. டெனன்ட் அதைப் பார்க்கவில்லை. 2009லேயே இறந்துவிட்டார். இந்தக் கதை 2019இல் 'டார்க் வாட்டர்ஸ்' என்ற படமாக வந்தது. பார்க்காதவர்கள் பார்க்கலாம்.

இதற்கிடையே 2006இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எட்டு நிறுவனங்களோடு பேசி 2015க்குள் பிஎஃப்ஓஏவைக் கைவிடச் செய்தது. 2019இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஆக, இன்று பெரிய கம்பெனித் தவா எதை எடுத்தாலும் பிஎஃப்ஓஏ இல்லை என்று எழுதிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போடுவதுபோல. அதற்குப் பதிலாக எதைச் சேர்த்தார்கள் என்பதைப் பெட்டி சொல்லாது. டூபான்ட் சேர்த்தது 'ஜென்எக்ஸ்' என்ற உறவுக்காரப் பொருள். 2017இல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில், வில்மிங்டன் மக்கள் குடிக்கும் தண்ணீரில் அது இருப்பது தெரியவந்தது. ஆறு மாறியது, அவ்வளவே. 'பிஎஃப்ஓஏ ஃப்ரீ' என்பதற்கு 'பிடிஎஃப்இ ஃப்ரீ' என்று பொருள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தத் தவா அதே டெஃப்லான் வகைதான். காலிச் சூட்டு எச்சரிக்கை அதற்கும் உண்டு.

இந்தப் பயத்தின்மேல் ஏறி வந்தது செராமிக். 2007இல் பெல்ஜியத்தின் கிரீன்பேன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்துப் பீங்கான் என்று நினைக்கக்கூடாது. மணலின் மூலப்பொருளான சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட கரைசலைத் தெளித்து, சூட்டில் இறுகவைத்த மெல்லிய படலம் அது. ஃப்ளூரின் இல்லை, சூடும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஆயுள் குறைவு. புதிதில் தோசை வழுக்கிக்கொண்டு ஓடும். முழுத் தீயில் புழங்கும் வீட்டில் ஒரு வருடத்துக்குள் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்துவிடும். 'கிரானைட்', 'மார்பிள்' என்று புள்ளி புள்ளியாக வருபவற்றில் பெரும்பாலானவை பிடிஎஃப்இதான், தோற்றம் மட்டும் கல். ஹார்ட் அனடைஸ்டு என்பது மின்பகுப்பில் அலுமினியத்தின் மேற்பரப்பையே தடித்த ஆக்சைடாக இறுக்குவது. அது உரியாது. கொஞ்சம் எண்ணெய் கேட்கும். அதன்மேலேயே பிடிஎஃப்இ பூசியும் விற்கிறார்கள், பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

இரும்புத் தோசைக்கல்லிலும் ஒரு பூச்சு இருக்கிறது, நாம் அப்படிச் சொல்வதில்லை. புதுக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குகிறோமே, அப்போது எண்ணெய் மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கறுத்த, வழவழப்பான படலமாக இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிளங்கெட்டின் சிலிண்டருக்குள் நடந்ததும் இதேபோன்ற கோப்புதான். வேறுபாடு என்னவென்றால் இது தேய்ந்தால் நாமே மறுபடி போட்டுக்கொள்ளலாம். புளி ஊற்றினால் மட்டும் கரைந்துவிடும்.

என் வீட்டுக் கணக்கு இது. தோசைக்கும் சப்பாத்திக்கும் இரும்பு, ஏனென்றால் இரண்டுமே காலிக் கல்லைக் காயவைக்கும் வேலை. முட்டை, மீன் போன்ற மெல்லிய சூட்டுச் சமையலுக்கு ஒரு சிறிய பிடிஎஃப்இ வாணலி, மரக்கரண்டி, நடுத்தரத் தீ. அதில் தாளிப்பதில்லை. அடிக்கடி மாற்றுவதில் வருத்தமில்லாதவர்கள் செராமிக் வாங்கலாம். எக்ஸ்சேஞ்சில் போடும் பழைய தவா எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி முதல் பிடிஎஃப்இ பூசிய பாத்திர விற்பனையையே நிறுத்திவிட்டது. அடுத்த மாதமே பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. அழகுசாதனப் பொருள், துணி ஆகியவற்றில் இந்த ரசாயனக் குடும்பத்துக்கு 2026 முதல் தடை. சமையல் பாத்திரத்துக்கு மட்டும் விலக்கு. டெஃபாலின் தாய் நிறுவனமும் அதன் தொழிலாளர்களும் வேலை போய்விடும் என்று பாராளுமன்றத்தின்முன் கிளப்பிய எதிர்ப்பில் அந்தப் பிரிவு மசோதாவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.