விளக்குக்கு ஒரு விசை, விசிறிக்கு ஒரு விசை



விழா மலரில் ஆலயம் எழுந்த வரலாறும் மணிக்கூண்டு உயர்ந்த வரலாறும் இடம்பெறுவது வழக்கம். நாமோ நம் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியைப் பற்றியும், சுவரிலுள்ள இரண்டு சுவிட்சுகளைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். பொருள் சிறிதே, ஆனால் உயிரோடு தொடர்புடையது.

ஆலயத்துக்கு விசிறி புதிதன்று. திருப்பலியின்போது இரு திருத்தொண்டர்கள் பீடத்தின் இருபுறமும் நின்று, கிண்ணங்களைப் பூச்சிகள் அணுகாதபடி மயிலிறகாலோ மெல்லிய துணியாலோ வீசவேண்டும் என்று நான்காம் நூற்றாண்டின் திருவழிபாட்டு ஒழுங்கு ஒன்று கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டுக் கச்சேரிகளிலும் ஆலயங்களிலும் துணிப் பங்காக்கள் தொங்கின. கயிற்றை இழுக்க ஓர் ஏழை அமர்ந்திருப்பார். காற்று உள்ளிருப்போருக்கு; வியர்வை அவருக்கு.

1880-களில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பிலிப் டீல், தையல் இயந்திர மோட்டாரில் இறக்கை பூட்டிக் கூரை மின்விசிறியை உருவாக்கினார். பின்னர் அதனோடு விளக்கையும் சேர்த்தார். 1884-ல் இங்கிலாந்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ், மின்சாரத்தைச் சட்டெனத் துண்டிக்கும் சுவிட்சைக் கண்டார். மெதுவாகத் துண்டித்தால் பொறி பறந்து முனைகள் கருகிவிடும்.

1899-ல் கல்கத்தாவில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நகரங்களில் பங்காக்கள் மெல்ல மறைந்தன. நம் மாநிலத்தில் பைக்காரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் வந்தன. மேலூர் வயல்களுக்குப் பாயும் பெரியாற்று நீரும் 1950-களின் இறுதியில் மின்சாரம் தரலாயிற்று. 1957 ஜூலை 1-ல் மாநில மின்சார வாரியம் அமைந்தபின் சிற்றூர்களுக்கும் கம்பங்கள் நடப்பட்டன. கொட்டாம்பட்டியின் சித்திரை வெயிலில் அதன் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நாம் இளங்குருவாய்ப் பணியாற்றிய ஒரு சிற்றூர் ஆலயத்தில், பீடத்தின்மேல் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே சுவிட்சு. விசிறி சுழன்றால் மெழுகுதிரி அணையும். நிறுத்தினாலோ விளக்கும் அணைந்து வாசகம் படிக்க இயலாது. அதனினும் பெருங்கேடு, அந்தச் சுவிட்சு நியூட்ரல் ஒயரில் இருந்தது. விளக்கு அணைந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று பல்பு மாற்ற ஏறிய கோயில்பிள்ளை ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். கீழே பாய்க்கட்டு கிடந்ததால் உயிர் தப்பினார். விளக்கு அணைந்திருந்தும் மின்சாரம் அங்கேயே நின்றிருந்தது!

இரண்டையும் பிரிப்பது பெரிய வேலையன்று. பேஸ் ஒயர் இரு சுவிட்சுகளுக்கும் செல்லவேண்டும். ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் தனித்தனி ஒயர் மேலே போகும். நியூட்ரல் இரண்டுக்கும் பொது. கூடுதலாக வேண்டுவது ஒரு சுவிட்சும் ஓர் ஒயருமே. ரெகுலேட்டர் விசிறியின் வழியில் மட்டும் இருக்கட்டும். விளக்கை அதில் சேர்க்கலாகாது. விசிறியின் உடல் எர்த்தோடு இணையவேண்டும். விளக்கோடு சேர்ந்து இன்று கடைக்கு வரும் விசிறிகளுக்கும் இதுவே முறை.

ஆகவே நம் இல்லங்களில் இவ்வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடமே ஒப்படைப்போம். சுவிட்சு பேஸில்தான் உள்ளதா என்று டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்வோம். மெயினை நிறுத்தாமல் எவரும் ஏணியில் ஏறவேண்டாம். ஒளியும் காற்றும் தரும் இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.