தாமே கட்டிய விமானங்களும் தாக்குகோணம் காட்டும் கருவியும்: ஒரு வரலாற்று நோக்கு

வானிற் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்குத் தொன்றுதொட்டு உள்ளதாகும். இலங்கை வேந்தன் இராவணனின் புட்பக விமானத்தை அறியாத தமிழர் இலர். ஆயினும், பறக்கும் பொறியை இயக்கும் முறையைத் தெளிவாகக் கூறும் இடம் சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறிப் பகுதியாகும். சச்சந்த மன்னன் செய்வித்த அப்பொறியின் திருகை வலப்புறம் திருப்பின் அது மேலெழும். இடப்புறம் திருப்பின் கீழிறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டுத் தேவி விசயை மூர்ச்சித்தபோது, அப்பொறி அவளைச் சுடுகாட்டில் ஊறின்றி இறக்கிற்று என்பது கதை.

மெய்யான விமானம் இத்துணை இரக்கமுடையதன்று. அதனை மேலே ஏற்றுகின்ற அதே கைப்பிடியை ஓர் எல்லைக்கு அப்பால் இழுப்பின், விமானம் ஏறுதற்கு மாறாக வீழ்கின்றது. இம்முரணைப் பலர் உயிரிழந்து கண்டறிந்தனர். அவ்வெல்லையைக் கண்ணுக்குக் காட்டும் கருவி பின்னர் தோன்றிற்று. அக்கருவியையும் பேணாதுவிடின் அதுவே பொய்யுரைக்கும் என்பது இறுதியாகக் கற்ற பாடம். தாமே விமானம் கட்டிப் பறந்தோரின் வரலாற்றை இம்மூன்று படிகளில் அடக்கிக் கூறலாம்.

அவ்வெல்லை யாதெனச் சிறுவர் ஏற்றும் பட்டத்தைக் கொண்டு விளக்கலாம். பட்டத்துக்கு முச்சை கட்டுவோர், அது காற்றை எக்கோணத்தில் எதிர்கொள்ள வேண்டும் என்பதையே தீர்மானிக்கின்றனர். முச்சை பிழைப்பின் பட்டம் எழாது. அவ்வாறே விமானத்தின் இறக்கை எதிர்வரும் காற்றோடு ஆக்கும் கோணமே தாக்குகோணம் எனப்படும். இக்கோணம் கூடுந்தோறும் தூக்குவிசை கூடும். ஆயின் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று அதனைவிட்டுப் பிரிகின்றது. உடனே தூக்குவிசை குன்றி விமானம் மூக்குக் குப்புற வீழும். இதனைத் தூக்கிழப்பு எனலாம். எஞ்சின் நின்றமையால் இது நேர்வதென்று பொதுமக்கள் கருதுவர். அது தவறாகும், எஞ்சின் முழுவலியோடு இயங்கும்போதும் தூக்கிழப்பு நேரும்.

வேகமானி இவ்வாபத்தை அறிவிக்காதோ என்று வினவலாம். நேராகப் பறக்கையில் ஓரளவு அறிவிக்கும். திரும்புகையில் அது போதாது. விமானம் 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும்போது, இறக்கைகள் அதன் எடையைப்போல் இருமடங்கைத் தாங்க வேண்டியுள்ளது. அப்பொழுது தூக்கிழப்பு நேரும் வேகம் 41 வீதம் உயர்கின்றது. நேர்ப்பறப்பில் மணிக்கு 40 மைலில் தூக்கிழக்கும் விமானம், அத்திருப்பத்தில் ஏறத்தாழ 57 மைலிலேயே தூக்கிழக்கும். வேகம் மாறுபடினும், எல்லைக் கோணம் மாறுவதில்லை. இறங்குதளத்தை நோக்கித் தாழ்வாகத் திரும்பும் வேளையிற் பலர் மாண்டமைக்கு இவ்வேறுபாட்டை உணராமையே காரணமாகும். அங்கே மீளுதற்கு வேண்டிய உயரம் இருப்பதில்லை.

இவ்வுண்மைக்கு முதற்பெரும் பலியானவர் செருமனியரான ஒற்றோ லிலியெந்தால் ஆவர். 1891ஆம் ஆண்டு தொடக்கம், தாமே கட்டிய மிதவை விமானங்களில் ஏறத்தாழ 2000 முறை பறந்த அவர், 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் தூக்கிழப்பினால் ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். ரைற் சகோதரர் இம்மரணத்தை ஊன்றி ஆராய்ந்தனர். உயர்த்துந் தகட்டை அவர்கள் விமானத்தின் முன்புறத்தே அமைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் அவர்கள் எஞ்சின் பூட்டிப் பறந்த பின்னரும் இவ்வாபத்து நீங்கவில்லை. அமெரிக்கப் படையினருக்கு விற்ற ரைற் விமானங்கள் 1912ஆம், 1913ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபோது, ஓவில் ரைற் அதற்குக் காரணம் தாக்குகோணத்தை விமானிகள் தவறாக மதிப்பிட்டமையே என்று கண்டார். அக்கோணத்தைக் காட்டும் கருவியொன்றையும் அவர் உருவாக்கினார். விமானம் பிறந்து பத்தாண்டு நிறையுமுன்னரே இக்கருவியும் பிறந்துவிட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. எனினும் விமானிகள் வேகமானியையே பெரிதும் நம்பினர். இக்கருவி நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது.

தமிழர் வாழும் நிலத்திலும் தற்கட்டு விமானத்தின் தொடக்கம் இதே காலத்ததாகும். சென்னை மவுண்ட் வீதியில் விடுதி நடத்திய கோர்சிக்கத் தீவினரான த'ஆஞ்செலிஸ் என்பார், தாமே வரைந்த படத்தின்படி சிம்ப்சன் நிறுவனத்தின் வேலைத்தலத்தில் ஈரிறக்கை விமானம் ஒன்றைச் செய்வித்து, 1910ஆம் ஆண்டிற் பறக்கவிட்டார். பல்லாவரத்தில் சோதித்த பின்னர் தீவுத்திடலில் மக்கள் காண அதனைக் காட்டினார். வண்டி கட்டும் தச்சரே விமானமும் கட்டலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கையில் இம்மரபின் தலைசிறந்த பிரதிநிதி ரே விஜேவர்த்தன ஆவர். 1924ஆம் ஆண்டு பிறந்து 2010ஆம் ஆண்டு மறைந்த இவர் கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்றவர். இருசக்கர உழுபொறியை உருவாக்கியவர். மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் பயிர்முறைகளை வற்புறுத்தியவர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பாய்க்கலமோட்டியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயும் விளங்கியவர். இவர் இலகு விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஓட்டினார். கட்டியவனே முதலிற் பறத்தல் வேண்டும் என்னும் நிலையில், தன் கைவேலையின் குறையைத் தன் உயிரே தாங்க வேண்டியிருக்கின்றது. தற்கட்டு விமானத்தின் அறமும் அச்சமும் இதுவேயாம்.

அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு போல் போபெரெஸ்னி தோற்றுவித்த சோதனை விமானச் சங்கம் இத்தகையோரை ஒன்றுகூட்டிற்று. அதற்கு முன்னரே, 1944ஆம் ஆண்டில் உவொல்வ்காங் லாங்கவீசே என்பார் தாக்குகோணமே பறத்தலின் திறவுகோல் என எளிய நடையில் நூலெழுதினார். ஆயினும் கருவி பரவலாகத் திரும்பி வருதற்கு நெடுங்காலம் சென்றது. 2009ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள் அத்திலாந்திக் கடலில் 228 பேருடன் வீழ்ந்த பிரெஞ்சு விமானத்தில், தூக்கிழப்பு நெடுநேரம் நீடித்தும் விமானிகளுக்குத் தாக்குகோணம் காட்டப்படவில்லை. 2014ஆம் ஆண்டிற் சிறு விமானங்களில் இக்கருவியைப் பூட்டும் அனுமதி முறையை அமெரிக்க விமான நிர்வாகம் எளிதாக்கிற்று.

சிறு விமானங்களிற் பூட்டும் கருவி பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பும் சிறு தகடு. மற்றொன்று, இறக்கையின் கீழ் நீட்டி நிற்கும் குழல்; அதன் இரு துளைகளில் உண்டாகும் அழுத்த வேறுபாட்டைக் கொண்டு கோணம் அறியப்படும். தற்கட்டு விமானங்களில் ஒருவர் செய்த இறக்கை மற்றொருவர் செய்ததை முற்றும் ஒத்திராது. ஆதலின், போதிய உயரத்திற் பறந்து, மடிப்புத்தகடுகளை மடித்தும் விரித்தும் தூக்கிழப்பை மெல்ல வருவித்துக் கருவிக்கு அளவிடல் வேண்டும். அளவிடாத கருவி இல்லாத கருவியினும் தீயது. இல்லாமையை விமானி அறிவான், பொய்யை அறியான்.

இதற்குப் பெரிய விமானங்களே சான்று பகர்கின்றன. 2008ஆம் ஆண்டு நவெம்பர் 27ஆம் நாள் பிரான்சின் பெர்ப்பிஞான் நகருக்கு அண்மையில், சோதனைப் பறப்பிற் சென்ற விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து எழுவர் மாண்டனர். விமானத்தை நீரால் அலசியபோது கோணவுணரிகளை மூடாமையால் நீர் உட்புகுந்து, வானில் உறைந்து, அவற்றை அசையாது பிணித்துவிட்டது. 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட விமானத்தில், புதிதாக மாற்றிய கோணவுணரி 21 பாகை பிழையாக அளவிடப்பட்டிருந்தது. அதன் பொய்யை நம்பிய தன்னியக்கப் பொறி மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருக்க, 189 பேர் உயிரிழந்தனர். 1996ஆம் ஆண்டு பெப்புருவரி 6ஆம் நாள் தொமினிக்கன் குடியரசை விட்டெழுந்த விமானத்தின் வேகமானிக் குழல், மண்கூடு கட்டும் குளவியால் அடைபட்டிருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். அங்கும் மாண்டோர் 189 பேர்.

குளவி கட்டுவதும் மழை பெய்வதும் மலைநாட்டார்க்குப் புதியனவல்ல. வத்தேகமவிற் கதவுக்கொண்டியின் துளையிலும் ஒரு கிழமைக்குள் மண்கூடு காணலாம். இத்தகைய ஈரமும் பூச்சியும் மிக்க நாட்டிற் கருவி பேணுதற்கு வேண்டும் ஒழுங்கு எளிதே. நிறுத்திய விமானத்தின் குழல்களுக்கு நிறமிட்ட உறையிடல். பறக்குமுன் அதனை மறவாது கழற்றல். துளைகளைக் கண்ணால் நோக்கல். தகட்டை விரலால் மெல்ல அசைத்து அது தடையின்றித் திரும்புகின்றதா எனக் காணல். நீர் தங்கும் குழாயை வடித்தல். வெயிலில் வெடித்த இறப்பர்க் குழாயை மாற்றல். குழலையோ இறக்கையையோ பழுதுபார்த்தபின் மீண்டும் அளவிடல். குழாயில் வாய்வைத்து ஊதாதிருத்தல் என்பன அவை. பலமாக ஊதுவது உள்ளிருக்கும் அழுத்தவுணரியைக் கெடுத்துவிடும்.

வத்தேகமவில் நின்று தும்பறை மலைகளை நோக்குவார், பருந்து தன் இறக்கையின் கோணத்தை நொடிக்கு நொடி மாற்றி மிதத்தலைக் காண்பர். அதற்கு அந்த உணர்வு உடம்போடு பிறந்தது. மனிதன் அதனை ஒரு சிறு தகட்டாலும் இரு துளையாலும் பெற வேண்டியவனாயினான். லிலியெந்தாலுக்கு அத்தகடு இருக்கவில்லை. பின்வந்த சிலருக்கு இருந்தும், அதனைப் பேணியோர் கைசோர்ந்தனர். கருவி செய்தோரின் பெயரை வரலாறு பொறித்து வைக்கின்றது. நாடோறும் உறையைக் கழற்றித் துளையை நோக்கும் கையின் பெயரை அது பொறிப்பதில்லை. ஆயினும் பறப்பவனின் உயிர் அக்கையிலேயே தங்கியுள்ளது.