இம்ப்ரிமாட்டர்: ஒரு அனுமதிச் சொல்லின் கதை

வங்கித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது 'இம்ப்ரிமாட்டர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'அனுமதி, ஒப்புதல்' என்று ஒரே வரியில் பொருள் போட்டிருந்தது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அதற்குள் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது நண்பர்களே!

இது இலத்தீன் சொல். 'அச்சிடப்படட்டும்' என்று பொருள். 1450களில் கூட்டன்பர்க் ஜெர்மனியில் புத்தகம் அச்சடிக்கத் தொடங்கியபின், யார் வேண்டுமானாலும் எதையும் ஊரெங்கும் பரப்பலாம் என்ற நிலை வந்தது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? 1515-ல் போப் பத்தாம் லியோ ஓர் ஆணை போட்டார். திருச்சபை படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புத்தகமும் அச்சாகக் கூடாது. ஒப்புதல் கிடைத்த நூலின் முன்பக்கங்களில் இந்தச் சொல்லும் அதிகாரியின் பெயரும் இருக்கும்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால், பேப்பர் கையில் இருந்தால் பயமில்லை என்றுதான் எனக்கு நினைப்பு. கலிலியோவின் கதை அதை உடைத்துவிட்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை விவாதிக்கும் அவருடைய நூல் 1632-ல் ஃபுளோரன்ஸில் வெளியானது. அதில் முறைப்படி வாங்கிய அனுமதிகள் அச்சாகியிருந்தன. சில மாதங்களிலேயே விற்பனையை நிறுத்தினார்கள். 1633-ல் தண்டனை. உண்மையை மறைத்து அனுமதி வாங்கினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று! 1642-ல் இறக்கும்வரை வீட்டுக்காவல்தான்.

இத்தாலியில் அவரைச் சந்தித்ததாகச் சொன்னவர் ஆங்கிலக் கவிஞர் மில்டன். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1643-ல் அதே மாதிரி முன் அனுமதி முறையைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து 1644-ல் 'அரியோபஜிட்டிகா' என்ற நூலை எழுதினார். அனுமதி வாங்காமலேயே வெளியிட்டார். உடனே பலன் கிடைக்கவில்லை. அங்கே முன் அனுமதி முறை முடிவுக்கு வந்தது 1695-ல்தான். நியூட்டனின் 'பிரின்சிப்பியா' (1687) முகப்பில்கூட ராயல் சொசைட்டி தலைவர் பெப்பீஸின் பெயரோடு இதே சொல் இருக்கிறது.

ஒரே சொல் நியூட்டனுக்குக் கௌரவம், கலிலியோவுக்கோ காப்பாற்றாத காகிதம். அனுமதி கொடுக்கிற கை அதைத் திரும்பவும் பறிக்கலாம். தேர்வில் இந்தச் சொல் வந்தால் 'ஒப்புதல்' என்றே எழுதுவேன். ஆனால் மனதில் வருவது கலிலியோதான்.